எல்லாம் கிடைத்த பாம்பீ ஏன் வீழ்ந்தார்?

கேள்வி இது: “சீசரோடு போரிட்டுத் தோற்றவர் என்ற அளவில்தான் பாம்பீயைத் தெரியும். ஆனால் ரோமானியர்கள் அவரை ‘மகா பாம்பீ’ என்று அழைத்திருக்கிறார்கள். அவர் எப்படி அவ்வளவு உயரம் போனார்? அப்புறம் எப்படி ஒரே போரில் எல்லாவற்றையும் இழந்தார்? சீசரைவிடத் திறமை குறைந்தவரா?”

கடைசிப் போரிலிருந்து தொடங்கினால் பாம்பீயைப் புரிந்துகொள்ள முடியாது. ஃபார்சாலஸ் களத்தில் அவர் தோற்றதற்கான காரணம், அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, அவர் புகழின் உச்சியில் இருந்தபோதே வேர்விட்டுவிட்டது. ரோமின் எந்த விதிக்கும் கட்டுப்படாமல் வளர்ந்தவர் அவர். வளர்ந்த பிறகு, அந்த விதிகளைக் காப்பவர்கள் நாங்கள்தான் என்று நினைத்த பழங்குடும்பத்துச் செனட்டர்கள் தன்னை மனதார ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று ஏங்கினார். அதிகாரத்தைப் பிடுங்கிக்கொள்ள அவருக்கு மனம் வராது. அவர்களாகவே கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும். அவர் உயர்ந்ததிலும் விழுந்ததிலும் இந்த ஒரு குணத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆண்டுகள் எல்லாம் கி.மு. என்று கொள்ளுங்கள், கி.பி. வந்தால் தனியாகக் குறிப்பிடுகிறேன்.

பாம்பீ பிறந்தது 106 செப்டம்பர் 29. இத்தாலியின் கிழக்குக் கரையில் இருந்த பிசேனம் என்ற பகுதியில் அவருடைய குடும்பத்துக்கு ஏராளமான நிலமும் ஆள்பலமும் இருந்தன. தந்தை ஸ்ட்ராபோ ரோமின் உச்சப் பதவியான கான்சல் பதவியில் இருந்தவர், நல்ல தளபதி, ஆனால் ஊரே வெறுத்த மனிதர். அவர் 87இல் இறந்தபோது பாடையிலிருந்து உடலை இழுத்துப் போட்டு மக்கள் அவமதித்தார்கள். தந்தை போரில் கிடைத்த பொருளைச் சுருட்டினார் என்று மகன் மேல் வழக்கு வந்தது. வழக்கை விசாரித்த நீதிபதி அந்தப் பையனின் வாதத்திறமையைப் பார்த்துத் தன் மகளையே நிச்சயம் செய்துகொடுத்தார். வழக்கு தள்ளுபடியானது. இருபது வயதிலேயே பாம்பீக்கு ஒரு பாடம் கிடைத்திருக்கும்: ரோமில் சட்டத்தைவிட நம்மைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது முக்கியம்.

அந்தக் காலத்து ரோமில் உள்நாட்டுப் போர். தளபதி மாரியஸின் ஆட்கள் ஒரு பக்கம், அவருடைய எதிரியான தளபதி சுல்லா இன்னொரு பக்கம். 83இல் சுல்லா கிழக்கிலிருந்து படையோடு இத்தாலிக்குத் திரும்பியபோது மற்றவர்கள் எல்லாம் தனித்தனியாக ஓடிவந்து அவரிடம் அடைக்கலம் கேட்டார்கள். 23 வயதுப் பாம்பீ அப்படி வரவில்லை. எந்தப் பதவியும் இல்லாத அவர், பிசேனத்தில் தன் குடும்பச் செல்வாக்கை வைத்து மூன்று லெஜியன் படை திரட்டி, வழியில் வந்த எதிரிகளை முறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஒரு லெஜியன் என்றால் முழு அளவில் ஐயாயிரம் வீரர்கள் வரை இருப்பார்கள். சட்டப்படி இது கலகம். ஆனால் சுல்லா குதிரையிலிருந்து இறங்கி, வெற்றி பெற்ற தளபதிகளுக்கு மட்டும் உரிய ‘இம்பெராட்டர்’ என்ற சொல்லால் அவரை வரவேற்றார்.

அடுத்த சில ஆண்டுகளில் சிசிலி, ஆப்பிரிக்கா என்று சுல்லாவின் எதிரிகளைத் தேடித் தேடி அழித்தார். மூன்று முறை கான்சலாக இருந்த கார்போவைச் சங்கிலியோடு நிறுத்தி விசாரித்துக் கொன்றார். ‘இளம் கசாப்புக்காரன்’ என்று பிற்காலத்தில் ஒருவர் அவர் முகத்துக்கு நேரே சொன்னது இந்த நாட்களை வைத்துத்தான். மெஸ்ஸானா நகரத்தார் தங்களுக்குப் பழைய சட்டப் பாதுகாப்பு இருக்கிறது என்று வாதாடியபோது, “வாள் கட்டியிருக்கும் எங்களிடம் சட்டம் படிப்பதை நிறுத்துங்கள்” என்றாராம். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சட்டத்தின் காவலராக நின்றவரும் இதே மனிதர்தான்.

ஆப்பிரிக்காவில் நாற்பது நாளில் வென்று திரும்பியவர் வெற்றி ஊர்வலம் கேட்டார். ரோமில் ஒரு தளபதிக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய கௌரவம் அது. கான்சல் பதவியோ அதற்கு அடுத்த பிரீட்டர் பதவியோ வகித்தவர்களுக்கே உரியது. பாம்பீ செனட்டில் உறுப்பினர்கூட இல்லை. அப்போது ரோமின் சர்வாதிகாரி ஆகியிருந்த சுல்லா மறுத்தார். அப்போது பாம்பீ சொன்னது: “மறைகிற சூரியனைவிட உதிக்கிற சூரியனைத்தான் அதிகம் பேர் வணங்குகிறார்கள்.” சர்வாதிகாரி முன் யாரும் பேசத் துணியாத பேச்சு. சுல்லா அசந்துபோய், “ஊர்வலம் போகட்டும், போகட்டும்!” என்று விட்டுவிட்டார். ‘மாக்னஸ்’, அதாவது மகா, என்ற பட்டமும் அந்தச் சமயத்தில் வந்ததுதான். யானைகள் பூட்டிய தேரில் நகருக்குள் நுழையப் பார்த்தார். வாசல் குறுகலாக இருந்ததால் குதிரைகளுக்கு மாற வேண்டியதாயிற்று.

சுல்லா இறந்த பின் செனட்டுக்கு ஒரு சிக்கல். ஸ்பெயினில் மாரியஸ் கட்சிக்காரரான செர்டோரியஸ் அசைக்க முடியாமல் இருந்தார். அங்கே போகக் கான்சல்கள் யாரும் தயாராக இல்லை. பாம்பீ தன் படையைக் கலைக்காமல் ரோமுக்கு அருகிலேயே நின்றுகொண்டிருந்தார். பதவி இல்லாத இளைஞனைக் கான்சலுக்குப் பதிலாக அனுப்புவதா என்று ஒருவர் கேட்க, “ஒரு கான்சலுக்குப் பதிலாக இல்லை, இரண்டு பேருக்கும் பதிலாக அனுப்புகிறேன்” என்றார் பிலிப்பஸ் என்ற மூத்த செனட்டர். 77 முதல் 71 வரை நடந்த அந்தப் போர் பாம்பீக்கு எளிதாக இருக்கவில்லை. செர்டோரியஸ் அவரைப் பலமுறை திணறடித்தார். கடைசியில் செர்டோரியஸைக் கொன்றது அவருடைய சொந்தத் தளபதி பெர்பெர்னா. அந்தப் பெர்பெர்னா பிடிபட்டபோது, ரோமின் பெரிய மனிதர்கள் செர்டோரியஸுக்கு ரகசியமாக எழுதிய கடிதங்களைக் காட்டி உயிர்ப்பிச்சை கேட்டார். பாம்பீ அந்தக் கடிதங்களைப் படிக்காமலே எரித்தார். பெர்பெர்னாவுக்கு மரண தண்டனை கொடுத்தார். சிசிலியில் வாளைக் காட்டிப் பேசிய பையன் இப்போது மாறியிருக்கிறார். எரித்த கடிதங்களை வைத்து அவர் பாதிச் செனட்டை மிரட்டியிருக்கலாம். மிரட்ட விரும்பவில்லை. அந்தச் செனட்டில் மதிப்போடு உட்கார விரும்பினார்.

உட்கார்ந்தார். 70இல், 35 வயதில், நேராகக் கான்சலாக. சட்டப்படி 42 வயது ஆகியிருக்க வேண்டும், கீழ்ப்பதவிகளில் இருந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லை. செனட் கூட்டம் எப்படி நடத்துவது என்றே தெரியாததால் அறிஞர் வாரோவிடம் ஒரு கையேடு எழுதி வாங்கிக்கொண்டார். கூடக் கான்சலாக வந்தவர் கிராசஸ், ஸ்பார்ட்டகஸின் அடிமைக் கலகத்தை அடக்கியவர். தப்பி ஓடிய ஐயாயிரம் பேரை மட்டும் பாம்பீ வழியில் மடக்கிக் கொன்றுவிட்டு, “கிராசஸ் அடிமைகளை வென்றார், நான் போரை வேரோடு பிடுங்கினேன்” என்று செனட்டுக்கு எழுதினார். கிராசஸ் இதை மறக்கவே இல்லை. பிறர் உழைப்பில் கடைசி நேரத்தில் வந்து பெயர் வாங்குபவர் என்று பாம்பீ மேல் ஒரு கசப்பு வளர்ந்தது இப்படித்தான். அதில் நியாயம் உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் 67இல் அவர் செய்த வேலையை யாருடைய உழைப்பிலும் சேர்க்க முடியாது. மத்தியதரைக் கடல் முழுக்கக் கடற்கொள்ளையர்கள். ரோமின் துறைமுகமான ஆஸ்டியாவுக்குள்ளேயே வந்து கப்பல்களை எரித்தார்கள். இரண்டு பிரீட்டர்களை அவர்களுடைய காவலர்களோடு சேர்த்துக் கடத்திக்கொண்டு போனார்கள். தானியக் கப்பல்கள் வராமல் ரோமில் விலை ஏறியது. கபினியஸ் என்ற மக்கள் பிரதிநிதி, கடல் முழுவதிலும் கரையிலிருந்து 50 மைல் உள்வரையிலும் ஒருவருக்கே மூன்றாண்டு அதிகாரம் என்று சட்டம் கொண்டுவந்தார். செனட் கொதித்தது, மக்கள் நிறைவேற்றினார்கள். பாம்பீயின் வரலாற்றை எழுதிய கிரேக்க ஆசிரியர் புளூட்டார்க் தரும் கணக்கில் 500 கப்பல், 1,20,000 காலாட்படை, 5,000 குதிரைப்படை. சட்டம் நிறைவேறிய உடனேயே சந்தையில் தானிய விலை இறங்கிவிட்டதாம். அவர் பெயருக்கே அவ்வளவு நம்பிக்கை.

அவர் செய்த விதம் அழகானது. கடலை 13 பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தளபதியை நிறுத்தினார். எல்லாப் பகுதியிலும் ஒரே சமயத்தில் தாக்குதல். ஒரு இடத்தில் துரத்தினால் இன்னொரு இடத்துக்கு ஓடுவதுதான் கொள்ளையர்களின் வழக்கம். அந்த வழி அடைபட்டது. மேற்குப் பாதி நாற்பது நாளில் சுத்தமானது. பிறகு அவரே கப்பல்களோடு கிழக்கே, கொள்ளையர்களின் தாய்வீடான சிலீசியாவுக்குப் போனார். மூன்று மாதத்தில் எல்லாம் முடிந்தது. பிடிபட்டவர்கள் 20,000க்கும் மேல். வழக்கமான ரோமானியத் தளபதி அவர்களைச் சிலுவையில் அறைந்திருப்பார் அல்லது விற்றிருப்பார். பாம்பீ அவர்களில் பலரைக் கடற்கரையிலிருந்து தள்ளி, ஆள் குறைந்துபோன ஊர்களில் நிலம் கொடுத்துக் குடியேற்றினார். வேறு பிழைப்பு இல்லாததால்தான் கொள்ளையடிக்கிறார்கள் என்று அவர் புரிந்துகொண்டிருந்தார். அவர் செய்ததிலேயே எனக்கு மிகப் பிடித்த காரியம் இதுதான்.

அடுத்த ஆண்டே, கருங்கடல் கரையில் பொந்தஸ் நாட்டை ஆண்ட மித்ரிடாட்டிஸ் மன்னரோடு நடந்துகொண்டிருந்த நீண்ட போரும் அவர் கைக்கு வந்தது. அங்கே பல ஆண்டுகள் போரிட்டுப் பாதி வென்றிருந்த லுக்குல்லஸை நீக்கிவிட்டு அனுப்பினார்கள். அந்தச் செய்தி வந்தபோது பாம்பீ தொடையில் அடித்துக்கொண்டு, “ஐயோ, எனக்கு முடிவில்லாத வேலைகளா! மனைவியோடு கிராமத்தில் நிம்மதியாக வாழக்கூடாதா!” என்று புலம்பினாராம். பக்கத்தில் இருந்த நண்பர்களுக்கே அந்த நடிப்பு பொறுக்கவில்லை என்கிறார் புளூட்டார்க். அந்தப் பதவியைத்தான் அவர் மனம் முழுக்க விரும்பினார். ஆனால் விரும்புவதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது, திணிக்கப்பட்டதாகத் தெரிய வேண்டும்.

கிழக்கில் அவர் செய்ததை ஒரு பத்தியில் அடக்குவது சிரமம். மித்ரிடாட்டிஸை விரட்டினார், அவர் 63இல் தன் மகனே எதிர்த்து எழுந்த நிலையில் உயிரை விட்டார். ஆர்மீனிய மன்னர் டைக்ரேனஸ் தன் மகுடத்தைக் காலடியில் வைக்க, அதை எடுத்து அவர் தலையிலேயே திருப்பி வைத்தார். 64இல் சிரியா ரோமின் மாகாணமானது. 63இல் மூன்று மாத முற்றுகைக்குப் பிறகு எருசலேம் விழுந்தது. தலைமைக் குரு மட்டுமே நுழையும் கோயிலின் உள்ளறைக்குள் போய்ப் பார்த்தார், அங்கிருந்த செல்வத்தைத் தொடாமல் வந்தார். யூதர்கள் அந்த நுழைவை மன்னிக்கவில்லை.

62 டிசம்பரில் இத்தாலியில் பிருண்டிசியம் துறைமுகத்தில் இறங்கினார். ரோம் நடுங்கிக்கொண்டிருந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் சுல்லாவும் இப்படித்தான் கிழக்கிலிருந்து வெற்றிப் படையோடு வந்து இறங்கினார். அப்புறம் கொல்லப்பட வேண்டியவர்களின் பட்டியல்கள் ஊர்ச்சதுக்கத்தில் ஒட்டப்பட்டன. கிராசஸ் முன்னெச்சரிக்கையாகப் பிள்ளைகளையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு ஊரைவிட்டே போயிருந்தார். பாம்பீ நினைத்திருந்தால் அன்று ரோமின் எஜமானர் ஆகியிருக்கலாம், தடுக்க யாருமில்லை. அவர் வீரர்களைக் கூட்டி நன்றி சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஒரு சில நண்பர்களோடு சாதாரணப் பயணியைப் போல ரோமை நோக்கி நடந்தார். வழியெல்லாம் மக்கள் திரண்டு வந்தார்கள்.

61 செப்டம்பர் இறுதியில், 45 ஆவது பிறந்தநாளை ஒட்டி, இரண்டு நாள் வெற்றி ஊர்வலம். இது அவருடைய மூன்றாவது. முன்பு நடந்த முதல் ஊர்வலம் ஆப்பிரிக்காவை வென்றதற்கு, இரண்டாவது ஐரோப்பாவை, இது ஆசியாவை. அலெக்சாந்தரின் மேலாடை என்று சொல்லப்பட்ட ஒன்றைப் போர்த்தியிருந்தார். முத்துகளால் செய்த அவருடைய முகச்சிலை ஒன்றும் ஊர்வலத்தில் போனது. ரோமானியருக்கு முத்து மேலும் மணிகள் மேலும் மோகம் பிடித்தது இந்த ஊர்வலத்தால்தான் என்று ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி குறைபட்டு எழுதியிருக்கிறார். ஒரு நூற்றாண்டு கழித்து நம் கொற்கை முத்தைக் கிரேக்க வணிகர்கள் குறித்து வைத்திருப்பதற்குப் பின்னால் அந்த மோகத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

இங்கேதான் சறுக்கல் தொடங்குகிறது. பாம்பீ செனட்டிடம் கேட்டது இரண்டே இரண்டு. கிழக்கில் செய்த ஏற்பாடுகளுக்கு மொத்தமாக ஒப்புதல், தன் வீரர்களுக்கு நிலம். இரண்டும் நியாயமானவை. ஆனால் பதவி பறிபோன லுக்குல்லஸ், ஒவ்வொரு ஏற்பாட்டையும் தனித்தனியாக விவாதிக்க வேண்டும் என்று வழிமறித்தார். கிராசஸ் பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டார். கான்சலாக இருந்த மெட்டெல்லஸுக்குத் தன் சகோதரி முறையான முசியாவைப் பாம்பீ விவாகரத்து செய்த கோபம். எல்லாருக்கும் முன்னால் கேட்டோ, யாரும் தனியாள் பெரிதாகக் கூடாது என்பதை வேதமாகக் கொண்டவர். அவரோடு உறவு வைத்துக்கொள்ளலாம் என்று பாம்பீ அவர் வீட்டில் பெண் கேட்டு அனுப்பினார். பெண்களுக்குச் சம்மதம், கேட்டோ மறுத்துவிட்டார்.

என் பார்வையில் குடியரசைக் காக்க நினைத்த செனட்டர்கள் செய்த மாபெரும் தவறு இது. படையைக் கலைத்துவிட்டு வந்த ஒரு வெற்றி வீரனுக்கு இரண்டு ஆண்டுகள் அவமானத்தைத்தான் பரிசாகக் கொடுத்தார்கள். இதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்றத் தளபதிகளுக்கு என்ன புரிந்திருக்கும்? படையைக் கலைத்தால் கையில் எதுவும் மிஞ்சாது. சீசர் அதை நன்றாகப் புரிந்துகொண்டார்.

செனட் கைவிட்ட பாம்பீயைச் சீசர் அள்ளிக்கொண்டார். கிராசஸையும் அவரையும் சமாதானப்படுத்தி, மூன்று பேரும் ஒருவருக்கொருவர் உதவுவது என்று ஓர் ஒப்பந்தம். 59இல் கான்சலான சீசர், பாம்பீ கேட்ட இரண்டையும் முடித்துக்கொடுத்தார். பதிலுக்குக் கால் (Gaul) நாட்டில், அதாவது இன்றைய பிரான்ஸ் பக்கம், படைத்தலைமை பெற்றார். உடன்பாட்டை உறுதிப்படுத்தத் தன் மகள் ஜூலியாவைப் பாம்பீக்குத் திருமணம் செய்து வைத்தார். மருமகன் மாமனாரைவிட ஆறு வயது பெரியவர். அரசியல் கல்யாணம்தான், ஆனால் இருவரும் உண்மையாகவே நேசித்தார்கள். ஊர் வேலையை விட்டுவிட்டு மனைவியோடு தோட்ட வீடுகளில் நாளைக் கழிக்கிறார் என்று ரோமே பேசியது. 55இல் ஒரு தேர்தல் கலவரத்தில் பாம்பீயின் ஆடையில் பிறருடைய ரத்தம் தெறித்தது. அந்த ஆடை வீட்டுக்கு வந்ததைப் பார்த்து ஜூலியா மயங்கி விழுந்து கருச்சிதைவு ஆனது. அடுத்த ஆண்டு பிரசவத்தில் இறந்தே போனார். 53இல் கிராசஸ் கிழக்கே பார்த்தியப் பேரரசோடு போரிட்டுக் காரே என்ற இடத்தில் மாண்டார். மூன்று பேர் இரண்டு பேரானார்கள், இடையில் இருந்த பெண்ணும் இல்லை.

இதற்கிடையே பாம்பீ ரோமுக்கு நல்லதும் செய்தார். 57இல் தானிய விநியோகத்தை ஏற்றுக்கொண்டு, புயலில் கப்பலை எடுக்கத் தயங்கிய மாலுமிகளிடம், “பயணம் போக வேண்டியது கட்டாயம், உயிரோடு இருக்க வேண்டியது கட்டாயமில்லை” என்று சொல்லித் தானே முதலில் ஏறினார். நகரின் முதல் நிரந்தரக் கல் அரங்கத்தை 55இல் திறந்தார். 52 ஜனவரியில் ரவுடி அரசியல்வாதி குளோடியஸ் கொல்லப்பட்டு, அவருடைய ஆட்கள் செனட் மண்டபத்தையே கொளுத்தியபோது, செனட்டுக்கு வேறு வழி தெரியவில்லை. இரண்டு பேர் வகிக்க வேண்டிய கான்சல் பதவியில் பாம்பீயை ஒற்றை ஆளாக நியமித்தார்கள். அதை ஆதரித்தவர்களில் ஒருவர் கேட்டோ.

பாம்பீயின் மனதை அப்போது பார்க்க முடிந்தால், வாழ்நாளில் அவ்வளவு நிறைவாக இருந்ததில்லை என்று சொல்லியிருப்பார் என நினைக்கிறேன். இருபத்தைந்து ஆண்டுகளாகக் கதவைச் சாத்தியவர்களே இப்போது கைகூப்பி அழைக்கிறார்கள். பழம்பெரும் குடும்பத்தைச் சேர்ந்த மெட்டெல்லஸ் சிபியோவின் மகள் கொர்னேலியாவை மணந்தார். சீசரிடமிருந்து மெல்ல விலகினார். தன்னை அவர்கள் நேசிக்கவில்லை, சீசருக்கு எதிரான கேடயமாகத்தான் பிடிக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் அதை நம்ப அவர் மனம் இடம் கொடுத்திருக்காது.

50இல் நேப்பிள்ஸில் கடும் நோயில் விழுந்து பிழைத்தார். இத்தாலி முழுக்க ஊர் ஊராக விழா எடுத்தார்கள், தெருவில் பூத் தூவினார்கள். அது அவர் கண்ணை மறைத்தது. படை எங்கே என்று கேட்டவர்களிடம், “இத்தாலியில் நான் காலால் தரையைத் தட்டினால் போதும், படை எழுந்து வரும்” என்றார். அந்த ஆண்டு டிசம்பரில் சீசர், பாம்பீ இருவருமே படைத்தலைமையை விட வேண்டும் என்ற தீர்மானத்துக்குச் செனட்டில் 370 பேர் ஆதரவு, எதிர்ப்பு 22 மட்டும். பெரும்பாலானவர்கள் போரை விரும்பவில்லை. அந்த 22 பேர்தான் விரும்பினார்கள், அவர்கள் பேச்சுத்தான் நடந்தது. பாம்பீயும் அவர்கள் பக்கம் நின்றார்.

49 ஜனவரியில் சீசர் ஒரே ஒரு லெஜியனோடு, இத்தாலியின் எல்லையாக இருந்த ரூபிகான் ஆற்றைக் கடந்தார். உள்நாட்டுப் போர் தொடங்கியது. காலைத் தட்ட வேண்டிய நேரம் இதுதானே என்று பாவோனியஸ் என்ற செனட்டர் பாம்பீயைக் குத்திக்காட்டினார். பாம்பீ ரோமைக் காலி செய்ய உத்தரவிட்டார். இதைக் கோழைத்தனம் என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கையில் இருந்த இரண்டு லெஜியன்களும் அண்மைவரை சீசரிடம் இருந்தவை, நம்ப முடியாது. கப்பல் படையும் கிழக்கு நாடுகளின் பணமும் ஆளும் பாம்பீக்குத்தான் இருந்தன. கிரேக்கத்துக்குப் போய்ப் படையைத் திரட்டி, கடலை அடைத்து, சீசரைப் பட்டினி போடுவது சரியான திட்டம். பிழை வேறு இடத்தில். அவசரத்தில் கருவூலப் பணத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். சீசர் பின்னால் வந்து எடுத்துக்கொண்டார். இத்தாலியின் கொர்ஃபினியம் நகரில் இருந்த செனட்டர் டொமிஷியஸிடம் படையோடு தெற்கே வந்து சேரும்படி பாம்பீ மன்றாடி எழுதினார். அவர் கேட்கவில்லை, சீசரிடம் படையை இழந்தார். இங்கே உள்ள சிக்கலைக் கவனியுங்கள். டொமிஷியஸுக்குக் கட்டளையிடும் தெளிவான அதிகாரம் பாம்பீக்கு இல்லை. சீசர் சொன்னால் சீசரின் ஆட்கள் செய்தார்கள். பாம்பீ தன் கூட்டாளிகளைக் கெஞ்ச வேண்டியிருந்தது.

48 கோடையில் அட்ரியாட்டிக் கடற்கரையில் உள்ள டிர்ராக்கியத்தில் இரண்டு படைகளும் மோதின. சீசரின் வீரர்கள் கிழங்கை இடித்து ரொட்டி செய்து சாப்பிடும் நிலை. பாம்பீ அவர்களுடைய வளைப்பை உடைத்துக்கொண்டு வெளியேறி அடித்ததில் சீசருக்கு ஆயிரம் பேர் வரை இழப்பு, 32 கொடிகள் பறிபோயின. ஆனால் ஓடியவர்களை முழுதாகத் துரத்தாமல், பொறி ஏதாவது இருக்குமோ என்று பாம்பீ நிறுத்திவிட்டார். “வெல்லத் தெரிந்த ஒருவர் எதிரியிடம் இருந்திருந்தால் இன்று வெற்றி அவர்களுடையது” என்று சீசரே சொன்னார்.

அதன் பிறகும் பாம்பீயின் திட்டம் மாறவில்லை. உணவில்லாமல் கிரேக்கத்தின் தெசலிப் பகுதிக்குள் போகும் சீசரைப் பின்தொடர்ந்து, சண்டை கொடுக்காமல் தேய்ப்பது. இது வென்றிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். விடவில்லை அவருடைய ஆட்கள். வேண்டுமென்றே போரை இழுக்கிறார், இத்தனை செனட்டர்களைத் தன் பின்னால் நிறுத்தி வைத்திருப்பது அவருக்குப் பிடித்திருக்கிறது என்றார்கள். டொமிஷியஸ் அவரை, ட்ராய் போரில் கிரேக்க மன்னர்களுக்கெல்லாம் தலைமை தாங்கிய ‘அகமெம்னான்’ என்றும் ‘மன்னாதி மன்னர்’ என்றும் அழைத்துச் சீண்டினார். சீசர் வகித்த தலைமைக் குருப் பதவி யாருக்கு என்று மூன்று பேர் இப்போதே அடித்துக்கொண்டார்கள். சிலர் ரோமில் அடுத்த ஆண்டுப் பதவிக்கு வசதியான இடத்தில் வீடு பிடிக்க ஆள் அனுப்பினார்கள். முப்பத்தைந்து ஆண்டு அனுபவமுள்ள தளபதிக்கு, அவருடைய கால்வாசி அனுபவம்கூட இல்லாதவர்கள் போர் சொல்லிக்கொடுத்தார்கள். கடற்கொள்ளையர் போரின் பாம்பீயாக இருந்திருந்தால் ஒரு சொல்லில் வாயடைத்திருப்பார். 48இல் இருந்த பாம்பீயால் முடியவில்லை. எவர் மதிப்பை வாழ்நாள் முழுக்கத் தேடினாரோ அவர்கள் முகம் சுளிப்பதைத் தாங்க முடியாமல் போருக்குச் சம்மதித்தார்.

ஆகஸ்ட் 9, ஃபார்சாலஸ். சீசரே தரும் கணக்கில் பாம்பீயிடம் 45,000 காலாட்படையும் 7,000 குதிரைப்படையும். தன்னிடம் 22,000 பேரும் 1,000 குதிரைகளும். சீசர் தன் எண்ணிக்கையைக் குறைத்தே காட்டுவார் என்று வைத்துக்கொண்டாலும் பெரிய வித்தியாசம். சீசரோடு கால் நாட்டில் பல ஆண்டுகள் இருந்து கட்சி மாறிவந்த லாபியேனஸின் தலைமையில் குதிரைப்படை முழுவதையும் பாம்பீ இடது பக்கம் குவித்தார். சீசரின் வலது பக்கத்தை உடைத்து முதுகில் அடிப்பது திட்டம். இதைச் சீசர் முன்கூட்டியே ஊகித்து, ஆறு கோஹார்ட்டுகளைப் பின்னால் மறைத்து நான்காவது வரிசையாக நிறுத்தியிருந்தார். கோஹார்ட் என்பது லெஜியனின் பத்தில் ஒரு பங்கு. குதிரைகள் பாய்ந்து வந்தபோது அவர்கள் எறி ஈட்டிகளை வீசாமல் கையில் பிடித்தபடியே சவாரிக்காரர்களின் முகத்தை நோக்கிக் குத்தினார்கள். குதிரைப்படை சிதறி ஓடியது. பாம்பீயின் இடது பக்கம் திறந்துகொண்டது.

அந்தக் கணத்தில் பாம்பீ உடைந்துவிட்டார். காலாட்படை இன்னும் நின்று போரிட்டுக்கொண்டிருந்தது. அவரோ களத்தை விட்டு முகாமுக்குப் போய்க் கூடாரத்தில் உட்கார்ந்தார். எதிரிகள் முகாமுக்குள்ளேயே வந்த பிறகு, தளபதி அடையாளங்களைக் கழற்றிவிட்டு, பின்வாசல் வழியாகக் குதிரையில் வெளியேறினார். அதுவரை பெரிய தோல்வியைச் சந்தித்து எழுந்த பழக்கம் அவருக்கு அதிகம் இல்லை. சீசர் கால் நாட்டின் ஜெர்கோவியாவிலும் பிறகு டிர்ராக்கியத்திலும் தோற்று, மறுநாளே படையைத் திரட்டி நடந்தவர். இருவருக்கும் இருந்த பெரிய வித்தியாசம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லெஸ்போஸ் தீவில் மனைவி கொர்னேலியாவையும் மகன் செக்ஸ்டஸையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் போனார். சிறுவனாக இருந்த மன்னர் பதின்மூன்றாம் தாலமியின் தந்தையை அரியணையில் திரும்ப அமர்த்தியதில் பாம்பீக்கும் பங்குண்டு; அந்த நன்றியை நம்பினார். மன்னரின் ஆலோசகர்கள் கூடிப் பேசினார்கள். ஏற்றால் சீசர் பகை, விரட்டினால் பாம்பீ பகை, “செத்தவன் கடிக்க மாட்டான்” என்றார் தியோடோட்டஸ் என்ற ஆசிரியர். செப்டம்பர் 28 அன்று பெலூசியம் கரைக்கு அழைத்துப் போக ஒரு சிறு படகு வந்தது. அதில் இருந்த செப்டிமியஸ் ஒரு காலத்தில் பாம்பீயின் கீழ் பணியாற்றியவர். கரையில் இறங்கப் படகில் எழுந்தபோது முதல் குத்து அவரிடமிருந்துதான் வந்தது. கப்பலில் இருந்து மனைவி பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் பாம்பீக்கு 58 வயது நிறைந்திருக்கும். சில நாட்கள் கழித்து அலெக்சாந்திரியா வந்த சீசரிடம் தலையை நீட்டியபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முத்திரை மோதிரத்தை வாங்கிக்கொண்டு அழுதார்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். சீசரைவிடத் திறமை குறைந்தவரா? போர்க்களத்தில் கணத்துக்குக் கணம் முடிவெடுப்பதில், ஆம், குறைந்தவர். அரசியல் சூதிலும் சீசருக்கு ஈடில்லை. ஆனால் கப்பல், தானியம், பணம், ஆள் எல்லாவற்றையும் பெரிய பரப்பில் ஒழுங்குபடுத்தி இயக்குவதில் குடியரசுக் கால ரோமில் அவருக்கு இணையாக யாரையும் என்னால் சொல்ல முடியவில்லை. போரை முடித்த கையோடு நிர்வாகத்தையும் நிலைநிறுத்திவிட்டு வருவார். இன்றைய துருக்கியின் வடபகுதியில் இருந்த பித்தினியா-பொந்தஸ் மாகாணத்துக்கு அவர் வகுத்த சட்டம், குடியரசு போய்ப் பேரரசு வந்து நூறாண்டு தாண்டியும் நடைமுறையில் இருந்தது. கி.பி. 110 வாக்கில் அங்கே ஆளுநராக இருந்த இளைய பிளினி, பேரரசர் ட்ராஜனுக்கு அந்தச் சட்டத்தைப் பற்றி விளக்கம் கேட்டு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. நகர மன்றத்தில் யாரைச் சேர்க்கலாம் என்பது பற்றிய சந்தேகம் அது. முப்பது வயதுக்குக் கீழே யாரும் பதவிக்கு வரக்கூடாது என்று பாம்பீ அதில் எழுதி வைத்திருந்தார்.